விண்டோஸ் 7, வெளியே திறந்த ரிமோட் டெஸ்க்டாப்: பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?

கீழமாசி வீதியில் அப்பா நடத்தும் மளிகை மொத்தக்கடை. கணக்கு முழுக்க டேலியில், டேலி இருப்பது ஒரு விண்டோஸ் 7 கணினியில். ராத்திரி திருநகர் வீட்டிலிருந்தே ஸ்டாக்கும் வரவேண்டிய பாக்கியும் பார்ப்பதற்காக, ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கி, கடை ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வழி திறந்து வைத்திருக்கிறீர்கள். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர், "ப்ளூகீப் என்று ஒரு ஓட்டை இருக்கிறது, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வந்துவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். உங்கள் சர்வீஸ்காரர், "அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், ஆன்டிவைரஸும் இருக்கிறது" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பாஸ்வேர்டு இந்த ஓட்டையைத் தடுக்குமா என்பது ஒன்று. எங்களைப் போன்ற சின்னக் கடையைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதை நீங்கள் போகிற போக்கில்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் முடிவெடுக்க விடாமல் உங்களைத் தடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆடிட்டர் ஆபீஸ்காரர் சொன்னது சரி. மதுரையிலும் திருமங்கலம், மேலூர் பக்கமும் கடைகள், மில்கள், சின்ன மருத்துவமனைகளின் நெட்வொர்க்கைப் பல வருஷமாகப் பராமரித்து வருகிறேன். நீங்கள் சொல்லும் இந்த அமைப்பை, அதாவது பழைய விண்டோஸ், டேலி, ரவுட்டரில் திறந்த போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வர எண் போட்ட வாசல்) மூன்றும் சேர்ந்ததை, அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் சர்வீஸ்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாஸ்வேர்டைப் பலமாக வைப்பது நல்ல காரியம்தான், அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ப்ளூகீப் விஷயத்தில் அது செல்லாது.

ப்ளூகீப் பயமுறுத்துவதற்காகக் கிளப்பிவிட்ட கதை இல்லை. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2019-0708 என்ற எண்ணில் பதிவானது. பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் கண்டுபிடித்து மைக்ரோசாஃப்டிடம் சொன்னது. மைக்ரோசாஃப்ட் 2019 மே 14 அன்று அதை அடைக்கும் திருத்தத்தை, அதாவது பேட்ச், வெளியிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா, 7, சர்வர் 2003, 2008, 2008 ஆர்2 இவை எல்லாம் இதில் மாட்டும். விண்டோஸ் 8, 10 இரண்டுக்கும் இந்த ஓட்டை கிடையாது. தீவிர மதிப்பெண் பத்துக்கு 9.8. எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்தி ஐந்து வருஷம் ஆகியிருந்தும் அதற்கும் சேர்த்துப் பேட்ச் கொடுத்தார்கள். மைக்ரோசாஃப்ட் இப்படிச் செய்வது மிக அபூர்வம். ஜூன் 4 அன்று அமெரிக்க உளவு அமைப்பான, வழக்கமாக வாயே திறக்காத என்எஸ்ஏ, உடனே பேட்ச் போடுங்கள் என்று பொதுவில் எச்சரிக்கை விட்டது.

பாஸ்வேர்டு ஏன் உதவாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே புரியும். ரிமோட் டெஸ்க்டாப்பில் இணையும்போது, யூசர்நேம் கேட்கும் திரை வருவதற்கு முன்னாலேயே இரண்டு கணினிகளும் கொஞ்சம் பேசிக்கொள்ளும். பிரிண்டருக்கு ஒரு தடம், சத்தத்துக்கு ஒரு தடம், காப்பி பேஸ்டுக்கு ஒரு தடம் என்று, இணைய வருகிற கணினி தனக்கு வேண்டிய தடங்களைப் பெயர் சொல்லிக் கேட்கும். விண்டோஸ் தன் சொந்த உபயோகத்துக்காக எம்எஸ்_டி120 என்ற பெயரில் ஒரு தடத்தை 31ஆவது இடத்தில் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் யாராவது கேட்டால் மறுப்பதற்கான சோதனையை அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படிக் கேட்டதும் அதே தடம் வேறொரு எண்ணிலும் பதிவாகிவிடும். கோயிலில் செருப்பு விடும் இடத்தில் ஒரே அறைக்கு இரண்டு டோக்கன் கொடுத்த மாதிரிதான் இது. ஒரு டோக்கனைக் கொடுத்துச் செருப்பை வாங்கியாயிற்று, அறை காலி என்று குறித்துக்கொள்வார்கள். அந்தக் காலி அறைக்குள் வேறொருவன் தனக்கு வேண்டிய பொருளை வைத்துவிடுகிறான். இரண்டாவது டோக்கன் வரும்போது, உள்ளே இருப்பது பழைய பொருள்தான் என்று நம்பி அங்கே உள்ளவர் அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவார். ப்ளூகீப்பில் அந்த அறை கணினியின் மெமரி, உள்ளே வைக்கப்படுவது தாக்குகிறவனின் நிரல். அதை எடுத்து ஓட்டுவது விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருக்கும் டெர்ம்டிடி.சிஸ் என்ற டிரைவர். கர்னலில் ஓடுகிற நிரலுக்கு அந்தக் கணினியில் செய்ய முடியாதது எதுவும் இல்லை. இத்தனையும் பாஸ்வேர்டு திரை வருவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடும். நீங்கள் பதினாறு எழுத்தில் பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் அதை யாரும் கேட்கப்போவதில்லை.

இதுவரை சொன்னது உறுதியானது. பேட்ச் போடாத, முகப்பில் வேறு தடை இல்லாத விண்டோஸ் 7 இந்த ஓட்டையோடுதான் ஓடுகிறது. அது நிஜத்தில் எவ்வளவு தூரம் பயன்படுத்தப்பட்டது என்பதில்தான் மிகைப்படுத்தல் வந்துவிடுகிறது. 2019இல் எல்லோரும் பயந்தது, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தொற்றிப்போகும் ஒரு புழு வரும் என்று. அப்படி உலகளாவிய ப்ளூகீப் புழு வரவில்லை. செப்டம்பரில் மெட்டாஸ்ப்ளாய்ட் என்ற பொதுக் கருவியில் இதற்கான தாக்குதல் நிரல் சேர்ந்தது. அக்டோபர் பிற்பகுதியில், ஆய்வாளர்கள் வேண்டுமென்றே திறந்து வைத்திருந்த பொறிக் கணினிகள் வரிசையாக நீலத் திரை காட்டி விழ ஆரம்பித்தன. பார்த்தால், ப்ளூகீப் வழியாக வந்து கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலை ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். இந்த ஓட்டையைச் சரியாகப் பயன்படுத்த மெமரியில் எந்த இடம் என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கணினி விழுந்துவிடும். தாக்குகிறவர்களுக்கு இது வசதியான வழியாக இல்லை. அதனால், "ப்ளூகீப்பால்தான் உங்கள் கடை போகப்போகிறது" என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் புழு வராமல் போனதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். இதே வகைச் சங்கதி அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2017இல், எப்படி முடிந்தது என்று பாருங்கள். விண்டோஸின் ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டைக்கு மார்ச் 14 அன்று பேட்ச் வந்தது. அந்த ஓட்டைக்கு என்எஸ்ஏ வைத்திருந்து திருட்டுப்போன எட்டர்னல்ப்ளூ என்ற தாக்குதல் கருவி ஏப்ரல் 14 அன்று பொதுவில் வெளியானது. மே 12 அன்று, அதே கருவியால் பரவி ஃபைல்களைப் பூட்டிய வன்னாக்ரை என்ற புழு. 150க்கு மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகள், ஒவ்வொன்றின் திரையிலும் 300 டாலர் பிட்காயின் கேட்டு ஒரு சிவப்புப் பெட்டி. பிரிட்டன் மருத்துவமனைகள் பாதிக்கப்பட்டதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தின் கணினிகளும் அதில் பூட்டப்பட்டன என்பதுதான். அந்தப் பஞ்சாயத்து அலுவலகத்தின்மேல் எவருக்கும் எந்தப் பகையும் கிடையாது. பேட்ச் வந்து இரண்டு மாதம் ஆகியும் போடாமல் இருந்தது மட்டும்தான் காரணம்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடையை யாரும் தேடி வரப்போவதில்லை என்பது உண்மை. அவர்கள் தேடுவது கடைகளையே அல்ல, எண்களை. இணையத்தின் பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஜீமேப் என்ற கருவி, ஒரே ஒரு கணினியிலிருந்து, வேகமான ஒரு லைன் இருந்தால், இத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட் எண் 3389. ப்ளூகீப் வெளியான அதே மாதத்தில் ஒரு ஆய்வாளர் இப்படித் தட்டிப் பார்த்து, பேட்ச் போடாமல் வெளியே திறந்து கிடக்கும் கணினிகள் சுமார் 9.5 லட்சம் என்று கணக்குச் சொன்னார். உங்கள் ஸ்டேட்டிக் ஐபி வருஷக்கணக்காக அதே எண்ணில் இருக்கிறது. அது எத்தனையோ பட்டியல்களில் ஏறியிருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது கீழமாசி வீதி மிளகாய் வற்றல் கணக்கா, கப்பல் கம்பெனியா என்பது உள்ளே வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியும்.

உள்ளே வந்தால் சின்னக் கடையில் எடுக்க என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். பிரவுசரில் சேமித்து வைத்த ஜிஎஸ்டி போர்ட்டல் பாஸ்வேர்டு, பேங்க் நெட்பேங்கிங், வாட்ஸாப் வெப், மெயில். அதை விட்டாலும் கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட வேண்டிய வாரத்தில் டேலி திறக்கவில்லை என்றால், அந்தக் கணக்குக்கு உங்களைத் தவிர வேறு யாரும் விலை கொடுக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது சர்வீஸ்காரர் பக்கத்தில் இருக்கும் நியாயத்தைச் சொல்கிறேன். திறந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாகக் கடைகளுக்குள் வருகிறவர்களில் நான் அதிகம் பார்த்தது ப்ளூகீப் ஆட்களை அல்ல, பாஸ்வேர்டை ஊகித்து வருகிறவர்களை. விண்டோஸ் 7இல் தவறான பாஸ்வேர்டை எத்தனை முறை போட்டாலும் கணக்கு பூட்டப்படாது. நீங்களாகப் போய் அமைத்தால்தான் உண்டு. அதனால் ஒரு நிரல் ராத்திரி பகலாக முயன்றுகொண்டே இருக்கலாம். மாட்டுத்தாவணி பக்கம் ஒரு கடையில் தோற்ற லாகின்களையும் பதிவு செய்யும்படி அமைத்துவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தேன். பட்டியல் உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட், பேக்கப், ஸ்கேன், அப்புறம் டேலி. ஆமாம், "டேலி" என்ற பெயரையும் போட்டு முயன்றிருக்கிறார்கள். இந்தியக் கடைகளில் அந்தப் பெயரில் ஒரு யூசர் இருப்பது வழக்கம் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பெரும்பாலான கடைகளில் அந்த யூசருக்குப் பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். அதனால் பாஸ்வேர்டை மாற்றியது வீண் இல்லை. இரண்டு ஆபத்தில் ஒன்றைக் குறைத்திருக்கிறார், மற்றதைத் தொடவில்லை.

ஆன்டிவைரஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ஃபைல்களைப் பார்க்கிறது. ப்ளூகீப் கர்னலுக்குள் நேராக வருகிறது, அங்கே ஆன்டிவைரஸுக்கு மேலான அதிகாரம் வந்தவனிடம் இருக்கும். பாஸ்வேர்டை ஊகித்து வருகிறவன் அட்மின் உரிமையோடு உள்ளே வந்துவிட்டால் முதல் வேலையாக ஆன்டிவைரஸை நிறுத்திவிடுவான். இருக்கட்டும், ஆனால் அதை நம்பி போர்ட்டைத் திறந்து வைக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் செய்ய வேண்டியது ரவுட்டரில். பேட்ச் தேடுவதற்கும் முன்னால், இன்று கடை அடைப்பதற்குள். கடைக்குள் இருந்தபடி பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைப் போட்டு உள்ளே போனால், போர்ட் ஃபார்வர்டிங் அல்லது வர்ச்சுவல் சர்வர் என்ற பக்கம் இருக்கும். 3389 என்று ஒரு வரி, எதிரே டேலி கணினியின் உள் முகவரி, 192.168 என்று ஆரம்பிப்பது. அந்த வரியை நீக்குங்கள். பக்கத்திலேயே யுபிஎன்பி என்று ஒன்று இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு மென்பொருள் உங்களைக் கேட்காமலே வழி திறந்துகொள்ளும். சில இடங்களில் 3389க்குப் பதில் வெளியே 3390 அல்லது 50000 என்று எண்ணை மாற்றிவைத்து, "இப்போது யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்று சொல்லியிருப்பார்கள். எண்ணை மாற்றினால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எந்த எண்ணில் பேசினாலும் ரிமோட் டெஸ்க்டாப் தன்னை ரிமோட் டெஸ்க்டாப் என்றே காட்டிக்கொடுத்துவிடும். நீக்கிய பிறகு வீட்டுக்குப் போய், அல்லது மொபைல் டேட்டாவில் இருந்தபடி, வழக்கம்போல் இணைய முயன்று பாருங்கள். இணையவில்லை என்றால் வேலை முடிந்தது. கடை வைஃபையில் இருந்தபடி சோதித்தால் பலன் தெரியாது.

வெளியிலிருந்து எட்ட முடியாத கணினியை வெளியிலிருந்து ப்ளூகீப் தொட முடியாது. அதனால்தான் இதை முதலில் சொன்னேன். ஆனால் கடைக்குள்ளேயே பில்லிங் கவுன்டரில் வேறு கணினிகள் இருக்கும், அவற்றில் யாராவது மெயிலில் வந்த ஏதோ ஒன்றைத் திறப்பார்கள், அங்கிருந்து உள் நெட்வொர்க் வழியாக டேலி கணினிக்கு வரலாம். வன்னாக்ரை அலுவலகங்களுக்குள் பரவியது அப்படித்தான். ஆகவே பேட்சும் வேண்டும். கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் பகுதியில், போட்ட அப்டேட்களைப் பார்க்கும் பக்கத்தைத் திறந்து கேபி4499164 அல்லது கேபி4499175 இருக்கிறதா பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தால் ப்ளூகீப் அடைபட்டது. அவை இல்லாவிட்டாலும் 2019 மே மாதத்துக்குப் பிந்தைய மாதாந்தர ரோலப் (தொகுப்பு அப்டேட்) ஏதாவது ஒன்று இருந்தால் அதற்குள்ளேயே இது சேர்ந்திருக்கும். எக்ஸ்பி வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு கேபி4500331.

இங்கே ஒரு சிக்கல் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வர முடிகிறது என்றால் உங்களிடம் இருப்பது ஹோம் பதிப்பு அல்ல, ப்ரொஃபஷனல் அல்லது அல்டிமேட். நம் ஊரில் கடைக் கணினிகளில் போடப்பட்ட அல்டிமேட்டில் பாதிக்கு மேல் ஒரிஜினல் இல்லை என்பது என் அனுபவம். அது ஒரிஜினல் இல்லை என்று திரையில் செய்தி வராமல் இருப்பதற்காக, போட்டவரே விண்டோஸ் அப்டேட்டை அணைத்து வைத்திருப்பார். இத்தனை வருஷம் கழித்து இப்போது அதை ஆன் செய்தாலும் ஒன்றும் இறங்காமல் போகலாம். 2019 ஆகஸ்டிலிருந்து வந்த பேட்ச்கள் எல்லாம் ஷா-2 என்ற புதிய கையெழுத்து முறையில் வருகின்றன. அதைப் புரிந்துகொள்ளும் அப்டேட்கள், கேபி4490628, கேபி4474419 இரண்டும், முதலில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற அவர்களுடைய தளத்தில் எண்ணைப் போட்டுத் தேடி ஒவ்வொன்றாக இறக்கிப் போடலாம். மைக்ரோசாஃப்ட் தளம் தவிர வேறெங்கிருந்தும் இறக்காதீர்கள். போடுவதற்கு முன்னால் டேலி டேட்டாவை நகல் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஒரிஜினல் அல்லாத விண்டோஸில் இத்தனை வருஷம் கழித்துப் பேட்ச் போட்டால் அது பூட் ஆகுமா என்பதற்கு நான் இங்கிருந்து உத்தரவாதம் தர முடியாது.

இன்னொரு தடையும் இருக்கிறது, அது இரண்டு நிமிஷ வேலை. கம்ப்யூட்டர் ஐகானில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டிஸ் போய், ரிமோட் செட்டிங்ஸைத் திறந்தால் மூன்று தேர்வுகள் இருக்கும். முதலாவது யாரையும் அனுமதிக்காதே. இரண்டாவது எந்தப் பதிப்பிலிருந்தும் அனுமதி, அதன் பக்கத்திலேயே குறைந்த பாதுகாப்பு என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கும். மூன்றாவது நெட்வொர்க் லெவல் ஆத்தென்டிகேஷன் உள்ளவர்களுக்கு மட்டும். பழைய லேப்டாப்பிலிருந்து கனெக்ட் ஆகவில்லை என்று இரண்டாவதைத் தட்டிவிட்டுப் போய்விடுவது சர்வீஸ்காரர்களின் வழக்கம். மூன்றாவதில் வைத்தால், அந்தத் தடங்களைப் பற்றிய பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கப்படும். அப்போது ப்ளூகீப்பைப் பயன்படுத்த, சரியான பாஸ்வேர்டு ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். பலமான பாஸ்வேர்டுக்கு இந்த ஓட்டையிலும் அர்த்தம் வருவது அந்த அமைப்பில்தான். இது பேட்சுக்கு மாற்று அல்ல. 2019 ஆகஸ்டில் ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே மேலும் இரண்டு ஓட்டைகள், சிவிஇ-2019-1181, 1182, வெளியாகின. அவை விண்டோஸ் 7இல் தொடங்கி 10 வரை பாதித்தன. மே மாதப் பேட்ச் அவற்றை அடைக்காது.

ராத்திரி வீட்டிலிருந்து கணக்குப் பார்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். அது நியாயமான தேவை, அதை விட்டுவிடச் சொல்லவில்லை. நீங்கள் பார்ப்பது ஸ்டாக், பாக்கி, தினசரி விற்பனை மட்டும்தான் என்றால், டேலிபிரைமில் சந்தா நடப்பில் இருக்கும்போது ரிப்போர்ட்களை பிரவுசரிலேயே பார்க்கும் வசதி உண்டு. முதலில் அதைப் பாருங்கள். முழுக் கணினியும் வேண்டும் என்றால் விபிஎன் போடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு லேப்டாப் முதலில் ரகசியச் சாவியோடு கடை நெட்வொர்க்குக்குள் நுழையும், அதற்குப் பிறகுதான் ரிமோட் டெஸ்க்டாப். வெளியே இருந்து தட்டிப் பார்க்கிறவனுக்கு 3389 என்று ஒன்று இருப்பதே தெரியாது. விபிஎன் வசதியோடு வரும் ரவுட்டர்கள் மதுரைக் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஆனால் விபிஎன் ரவுட்டரையும் அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும், அவற்றிலும் இதே மாதிரி ஓட்டைகள் வந்திருக்கின்றன.

இனி நான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. இதற்குள் யாராவது உள்ளே வந்து போயிருக்கிறார்களா? உங்கள் கேள்வியை மட்டும் படித்துவிட்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. நேரில் வந்து பார்த்தாலும் முழுமையாகச் சொல்ல முடியுமா என்பது சந்தேகம்தான். நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டெர்மினல்சர்வீசஸ்-லோக்கல்செஷன்மேனேஜர், ஆபரேஷனல் என்று போனால், ஈவென்ட் எண் 21 என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வெற்றிகரமான லாகின். உள்ளே யூசர் பெயர், நேரம், எந்த முகவரியிலிருந்து என்பது இருக்கும். கணினி முன்னால் உட்கார்ந்து திறந்திருந்தால் முகவரிக்குப் பதில் லோக்கல் என்று இருக்கும். உங்கள் வீட்டு முகவரி அல்லாத ஒன்று, விடிகாலை மூன்று மணிக்கு, நீங்கள் உருவாக்காத யூசர் பெயரில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்டில் நெட் யூசர் என்று அடித்து யூசர் பட்டியலையும் பாருங்கள். சும்மா இருக்கும்போதும் கணினி விசிறி கத்திக்கொண்டு, டாஸ்க் மேனேஜரில் சிபியு நூறைத் தொட்டபடி இருந்தால் நாணயம் தோண்டுகிறார்கள் என்று யோசிக்கலாம், ஆனால் பழைய கணினியில் அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ப்ளூகீப் வழியாக வந்தவன் லாகின் செய்வதே இல்லை, அதனால் ஈவென்ட் 21 சுத்தமாக இருப்பது யாரும் வரவில்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. காரணம் தெரியாமல் அடிக்கடி நீலத் திரை வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். சந்தேகம் வலுத்தால் அந்த விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதுதான் ஒரே வழி. கர்னலுக்குள் வந்து போன கணினியைத் துடைத்துச் சரிசெய்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். எல்லாப் பாஸ்வேர்டுகளையும், பேங்க் முதலாக, வேறொரு கணினியிலிருந்து மாற்ற வேண்டும்.

பேக்கப் பற்றி நீங்கள் எழுதியது, "தினமும் டி டிரைவுக்குக் காப்பி ஆகிறது" என்று. டி டிரைவ் அதே ஹார்டு டிஸ்கின் இன்னொரு பகுதி. பூட்டுகிறவன் சி, டி இரண்டையும் சேர்த்துத்தான் பூட்டுவான். யுஎஸ்பியில் எப்போதும் சொருகியே இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்கும் அப்படித்தான் போகும். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். டேட்டா ஃபோல்டருக்குள் ஒவ்வொரு கம்பெனிக்கும் எண்ணில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை முழுசாக எடுங்கள். ஒன்று கடை லாக்கரில், ஒன்று வீட்டில், வாரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை வேறொரு கணினியில் அந்த நகலைத் திறந்து, கடைசி பில் எண் சரியாக வருகிறதா என்று அப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி இருந்தவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்கான கடன் பாக்கி நோட்டே இல்லாமல் போய், சரக்கு வாங்கினவர்களிடமே போய் "நீங்கள் எவ்வளவு தரவேண்டும்" என்று கேட்க நேர்ந்தது.

கடைசியாகக் கணினி. விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளுக்கு உங்களைப் போன்றவர்களுக்கு இலவசப் பேட்ச் இல்லை. ப்ளூகீப்பை அடைத்தாலும் அவை அப்படியே இருக்கும். செகண்ட் ஹேண்டில் விண்டோஸ் 10 கணினி மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்வார்கள். அதற்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது. வாங்கினால் விண்டோஸ் 11 ஓடக்கூடியதாக, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருப்பதாக வாங்குங்கள். "பழைய லேபிள் பிரிண்டருக்கு விண்டோஸ் 7 தவிர டிரைவர் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், நிறையக் கடைகளில் இதுதான் கழுத்தைப் பிடிக்கிறது. பழைய கணினியை அந்தப் பிரிண்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு. லேபிளுக்கான பட்டியலை பென் டிரைவில் கொண்டுபோனால் போதும். டேலி, பேங்க், ஜிஎஸ்டி மூன்றும் புதியதில் இருக்கட்டும்.

சர்வீஸ்காரரிடம் இதைக் குற்றச்சாட்டாகக் கொண்டு போக வேண்டாம். போர்ட் ஃபார்வர்டிங் வரியை நீக்கித் தாருங்கள், அந்த மூன்றாவது தேர்வை வைத்துத் தாருங்கள், இந்த கேபி எண்கள் இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்று மூன்று வேலையாகக் கேளுங்கள். அவரும் கடைக்குக் கடை ஓடிக்கொண்டிருப்பவர், குறிப்பாகக் கேட்டால் செய்து கொடுப்பார். ஒருவேளை இதற்குள்ளேயே ஒரு காலையில் ஃபைல்கள் எல்லாம் பெயர் மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பு இருந்தால், முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். 1930க்கு அழைத்து, தேசிய சைபர்கிரைம் போர்ட்டலில் புகார் பதியுங்கள். ரவுட்டரின் மாடல் பெயரையும் விண்டோஸ் பதிப்பு எழுதியிருக்கும் திரையின் படத்தையும் இங்கே போட்டால், எந்தப் பக்கத்தில் எதைத் தட்ட வேண்டும் என்று சொல்கிறேன். உங்கள் ஐபி எண்ணை மட்டும் படத்தில் மறைத்துவிடுங்கள்.